பிக்கப் வண்டியில் ஹெட் கேஸ்கட் போனால்: ஏற்காடு மலைக்கு வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகும் சாலையில் பட்டறை வைத்திருப்பவர்களிடம் கோடை வந்தால் வரும் புகார் ஒன்றுதான்: "வண்டி கொதிக்குது." கீழிருந்து சிமென்ட், மணல், மளிகை ஏற்றிப் போகிறவர்களும், மேலிருந்து காபி மூட்டை, மிளகு, பலா இறக்குகிறவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே தொகுத்திருக்கிறேன். பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை போன்ற டீசல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. எந்த வண்டியாக இருந்தாலும் இறுக்கும் அளவு, தேய்மான வரம்பு போன்றவற்றுக்கு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

ஹெட் கேஸ்கட்னா என்னங்க? ஒரு தகடுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வேலை?

இன்ஜினின் கீழ்ப்பாதி பிளாக், மேல்பாதி ஹெட். இரண்டும் சேரும் இடத்தில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு, இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் கூலன்ட், மேலே ஏறி இறங்கும் ஆயில் ஆகிய மூன்றும் இந்தத் தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் போகின்றன. ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இதன் வேலை. டீசல் இன்ஜினில் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும். அதே தகட்டில் சில மில்லிமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

தகட்டின் விலை பெரிதில்லை. அதை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டும். ஹெட்டை இறக்க டைமிங், இன்ஜெக்டர், டர்போ குழாய், மேனிஃபோல்ட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். செலவு அங்கேதான் போகிறது.

கேஸ்கட் போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும். சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவில் போனால் வெடிக்கும் வாயு ரேடியேட்டருக்குள் நுழையும். ரேடியேட்டரில் குமிழ் வரும், மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும், ஓவர்ஃப்ளோ டேங்க் பொங்கி வழியும், வெளியே எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் குறையும். இன்ஜினை நிறுத்தியபின் அதே வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குவதால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நிமிடம் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி, வெள்ளைப் புகையோடு அப்புறம் சரியாகும்.

தண்ணீருக்கும் ஆயிலுக்கும் நடுவில் போனால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆகிவிடும். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் உள்ள ஒடுங்கிய இடத்தில் போனால் கூலன்ட் குறையாது, புகையும் வராது. இழுவை மட்டும் போய்விடும், இன்ஜின் குலுங்கும். இந்த மூன்றாவது வகையைத்தான் பலர் டீசல் பம்ப், இன்ஜெக்டர் என்று தேடி அலைகிறார்கள். வெளிப்பக்கமாகப் போனால் ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயிலோ தண்ணீரோ கசிந்த தடம் தெரியும்.

வண்டி கொதிச்சாலே கேஸ்கட் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கும்: வேறு ஏதோ காரணத்தால் வண்டி கொதிக்கிறது, கொதித்ததால் கேஸ்கட் போகிறது. அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், திறக்காத தெர்மாஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), தளர்ந்த பெல்ட், சுற்றாத ஃபேன், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி, எங்கோ ஒரு ஹோஸில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. முதலில் இவற்றைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான். கேஸ்கட்டை மட்டும் மாற்றி, அதைச் சாகடித்த காரணத்தை அப்படியே விட்டால், செய்த செலவு முழுக்க வீண்.

சேலத்துக்குள்ள ஓட்டினா ஒண்ணுமே இல்லை. ஏற்காடு ஏறும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேல போகுது. இது கேஸ்கட்டா?

மலையில் மட்டும் என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேலும் ஃபேன் மேலும்தான் விழ வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நிறைச் சுமையோடு முதல் இரண்டு கியரில், குறைந்த வேகத்தில், இன்ஜின் முழு உழைப்பில் ஏறுகிறது. எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்றுதான். பாதி அடைத்த ரேடியேட்டர் ஊருக்குள் சமாளித்துவிடும், இங்கே சமாளிக்காது. மே மாதக் கோடை விழா நெரிசலில் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறினால் இன்னும் மோசம்.

அழுத்த மூடியையும் மறக்காதீர்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல நிலையில் உள்ள 0.9 பார் மூடி இருந்தால் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே போனதும் ஆவி கக்குவதற்கு இந்தச் சின்ன வாசர் போதும்.

ஆனால் கேஸ்கட்டில் சிறிய கசிவு இருந்தாலும் சுமையில் மட்டும்தான் காட்டும். ரேடியேட்டர், ஃபேன், மூடி எல்லாம் சரியாக இருந்தும் மலையில் பொங்கினால் கீழே சொல்லும் சோதனைகளுக்குப் போங்கள்.

ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா அடியில வெள்ளையா பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. கேஸ்கட் போச்சுதானே?

அவசரப்படாதீர்கள். மேலே ஏற்காட்டிலேயே நிறுத்தி வைத்து, எஸ்டேட்டுக்குள் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டிகளில் மார்கழி, தை மாதங்களில் இது சாதாரணம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை. குளிர்ந்த மூடியின் அடியில் அது ஆயிலோடு சேர்ந்து பசையாகிறது.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, அளவும் ஏறாமல், கூலன்டும் குறையாமல் இருந்தால் மூடியைத் துடைத்துவிட்டு ஒரு முறை சேலம் வரை நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். டிப் ஸ்டிக்கிலும் வெளுத்த நிறம் தெரிந்தால், அல்லது ஆயில் ஊற்றாமலேயே அளவு கூடியிருந்தால், அதோடு இன்ஜினை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் நிலைக்காது.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி நானே பார்க்க ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, செலவே இல்லாதது. இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில், காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்புங்கள். (சூடான வண்டியில் இந்த மூடியைத் தொடவே கூடாது.) மூடியைத் திறந்த நிலையிலேயே இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கழுத்தைக் கவனியுங்கள். முதலில் உள்ளே சிக்கியிருந்த காற்று ஒன்றிரண்டு குமிழாக வந்து நின்றுவிடும், அது பரவாயில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள் விடாமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது குளிர்ந்த தண்ணீர் பொங்கி வெளியே எகிறினால், வாயு உள்ளே வருகிறது. தெர்மாஸ்டாட் திறக்கும் முன்பே, முதல் ஓரிரு நிமிடத்திலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். சூடேறிய பிறகு வரும் குமிழை நம்ப முடியாது.

சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, அழுத்த டேங்கில்தான் இருக்கும். அந்த வண்டிகளில் மூடியை மூடியே ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே ஹோஸ் விறைத்துவிட்டால் காரணம் வெப்பம் கிடையாது.

மெக்கானிக் வண்டியைப் பார்த்ததுமே "ஹெட்டை இறக்கணும்"னு சொல்றாரு. வேற என்ன டெஸ்ட் கேட்கணும்?

அனுபவமுள்ள மெக்கானிக் கேட்டதுமே கணித்துவிடுவார், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் ஹெட்டை இறக்கும் முன் இரண்டு மூன்று சோதனைகளைக் கேட்பது உங்கள் உரிமை. முதலாவது, ரேடியேட்டரில் கைப் பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றி, அதன் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. வெளியே எங்கும் ஒழுகாமல் முள் இறங்கினால் உள்ளே எங்கோ போகிறது. இரண்டாவது, ரேடியேட்டர் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் வண்டி ஐடிலில் மிகக் குறைவாகத்தான் எரிக்கும் என்பதால் நிறம் மாறவில்லை என்று உடனே விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் சுமையோடு ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதி. பழைய குட்டி யானையில் மொத்தமே 2 சிலிண்டர் என்பதால் இரண்டும் குறைந்திருந்தால் ரிங் தேய்மானமா கேஸ்கட்டா என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அப்போது சிலிண்டருக்குள் கம்ப்ரசர் காற்றை விட்டுக் கேட்க வேண்டும்: ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல், பக்கத்துச் சிலிண்டரில் காற்று சீறினால் நடுக் கேஸ்கட், ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் வால்வு.

கூலன்ட் குறையுது, வெள்ளைப் புகையும் வருது. ஆனா ரேடியேட்டர்ல குமிழே இல்லை. குழப்பமா இருக்கு.

இந்த இடத்தில்தான் தேவையில்லாமல் ஹெட் இறங்குகிறது. பி.எஸ். 4, பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் ஈ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று உண்டு. புகையின் ஒரு பகுதியைக் கூலன்டால் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பெட்டி. அதன் உள்குழாய் வெடித்தால் கூலன்ட் நேராகப் புகைக்குள் போய் வெள்ளை ஆவியாக வெளியேறும். அடையாளம் அச்சு அசலாகக் கேஸ்கட் போலவே இருக்கும். கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

அதேபோல ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் உடனே கேஸ்கட் என்று முடிவு கட்டாதீர்கள். ஆயில் கூலர் வெடித்தாலும் இதேதான். கண் எரியும், டீசல் வாசம் அடிக்கும் வெள்ளைப் புகை என்றால் அது எரியாத டீசல். இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். கூலன்ட் எரியும் புகையில் இனிப்பு வாசம் இருக்கும். ஏற்காட்டுப் பனியில் காலை முதல் ஐந்து நிமிடம் வரும் ஆவி எந்தக் கோளாறும் இல்லை.

பாதி மலையில முள் சிவப்புக்குப் போயிடுச்சு. அந்த நேரத்துல என்ன பண்ணணும்?

அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். அடுத்த வளைவு, அதற்கடுத்த கடை என்று தள்ளிப்போடாதீர்கள். அலுமினிய ஹெட் வளைவதற்கு அந்தச் சில நிமிடங்களே போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் கொடுங்கள். ஆவி சீறாமல், தண்ணீரும் இருக்கிறது என்றால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிட்டு, ஐடிலில் விட்டுப் பாருங்கள், முள் இறங்கலாம். இறங்காவிட்டாலோ ஆவி அடித்தாலோ இன்ஜினை நிறுத்துங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். பக்கத்து ஓடைத் தண்ணீரை மொண்டு இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பு இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆற விடுங்கள். அப்புறம் துணி போட்டு மூடியை மெதுவாக முதல் பிடி வரை திருகி அழுத்தத்தை விட்டு, பிறகு திறந்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இன்னொன்று: சிவப்பில் நின்ற முள் திடீரென்று தானாகக் கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் நனைந்திருக்கத் தண்ணீரே இல்லை என்பதாலும் முள் விழும்.

கேஸ்கட் போனது உறுதி. அடிவாரம் வரைக்கும் இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல இறக்கிடலாமா?

கண்டிப்பாகக் கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வாக்யூம் பம்பும் நிற்கும். மிச்சமிருக்கும் வாக்யூமில் சில முறை பிரேக் பிடிக்கும், அதன்பின் பெடல் மரம் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கியர் பிடிப்பும் இல்லாமல், சுமையோடு, கொண்டை ஊசி வளைவில் இது உயிர்ப் பிரச்சனை. கயிறு கட்டி இழுப்பதற்கும் இதே காரணம்தான், மலையில் வேண்டாம்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, மீட்பு வண்டியில் தூக்கிக் கொண்டுவருவதே சரி. வாடகை அதிகம் என்று தோன்றும். ஓட்டியே இறக்கி, ஹெட் வளைந்து, சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கி கனெக்டிங் ராடு மடங்கினால் வரும் பில்லோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா அடைச்சுக்கும்னு பெரியவங்க சொல்றாங்களே? கடையில லீக் அடைக்கிற மருந்தும் விக்குதே?

ரேடியேட்டர் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் மஞ்சள்தூள் ஊறி அடைத்துக்கொள்ளும், வழியில் மாட்டிக்கொண்டவருக்கு ஊர் வந்து சேர அது உதவியும் இருக்கிறது. ஆனால் முதல் பதிலில் சொன்ன அழுத்தத்தை யோசித்துப் பாருங்கள். 100 பாருக்கு மேல் வரும் வாயுவைத் தூளோ மருந்தோ தடுத்து நிறுத்தாது. அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் போய்ப் படிந்து, கேஸ்கட் மாற்றியபிறகும் வண்டியைக் கொதிக்க வைக்கும். ஏற்கனவே போட்டிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

ஹெட்டை இறக்கும்போது கூட இருந்து என்னென்ன பார்க்கணும்?

முதலில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். தளர்த்தும் வரிசை, இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர்: ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக.

ஹெட் தூக்கியதும் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கதை முழுக்க அதில் எழுதியிருக்கும். சிலிண்டர் வளையத்தைச் சுற்றி உலோகம் பளபளவென்று சீராக இருக்க வேண்டும். போன இடத்தில் மட்டும் வளையம் கறுத்து, விளிம்பு அரித்துப்போய், அங்கிருந்து தண்ணீர் ஓட்டை வரைக்கும் ஒரு கரிக்கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு நேராக ஹெட்டிலும் பிளாக்கிலும் பார்த்தால் அதே இடத்தில் பள்ளமோ விரிசலோ கிடைக்கும். பிஸ்டன்களையும் பாருங்கள்: மற்றவை கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவி விட்டது போலச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள்தான் தண்ணீர் போயிருக்கிறது. கரிக்கோடு எங்கும் இல்லை, கேஸ்கட் முழுசாக இருக்கிறது என்றால் ஹெட் விரிசலைத் தேட வேண்டும்.

அப்புறம் நேர்ச்சட்டம் வைத்து, அதனடியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழைத்து, ஹெட்டை நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்கு மறுக்காக இரண்டு மூலையிலும் அளக்க வேண்டும். பிளாக்கையும் அதே மாதிரி. பெரும்பாலும் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான்; கண்ணுக்குத் தெரியாது. பார்த்தே "ஹெட் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

லேத்துல ஃபேஸிங் போட்டுட்டா போதும்தானே?

ஃபேஸிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது, வளைவைச் சரிசெய்ய உதவும். ஆனால் எவ்வளவு சீவலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். சீவச் சீவ வால்வு பிஸ்டனுக்கு அருகில் வரும், இன்ஜெக்டர் முனையும் அதிகம் நீட்டிக்கொள்ளும். அதனால் சீவியபின் வால்வு எவ்வளவு உள்ளே அமர்ந்திருக்கிறது என்று அளந்து, தேவையானால் வால்வு உட்காரும் சீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

ஃபேஸிங்குக்கு முன்னால் ஹெட்டின் தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் குமிழ் வரும். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் போட்டு யாருக்கும் பயன் இல்லை. விரிசலை வெல்டிங் வைக்கும் பட்டறைகள் உண்டு, அலுமினியத்தில் நல்ல கை பட்டால் நிற்கவும் செய்யும். இரண்டு வால்வுகளுக்கு நடுவில், அதிகச் சூடு படும் இடத்தில் விரிசல் என்றால், மலையில் சுமை இழுக்கும் வண்டிக்கு நான் வேறு ஹெட்டையே சொல்வேன்.

கேஸ்கட்டைச் சுரண்ட கிரைண்டர்ல பஃபிங் சக்கரம் போட்டாங்க. சீக்கிரம் முடிஞ்சுது. தப்பா?

தப்பு. அந்தச் சக்கரத்திலிருந்து உதிரும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஆயில் ஓட்டைகளுக்குள் போய் பேரிங்கைத் தின்னும். மேலும் அது அலுமினியத்தைச் சீரற்றுக் குழிக்கும். உலோக அடுக்குக் கேஸ்கட்டுகளுக்கு வழவழப்பான பரப்பு வேண்டும். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கட் கரைப்பானும் கொண்டு பொறுமையாக எடுப்பதுதான் முறை. சிலிண்டர்களையும் ஓட்டைகளையும் துணியால் அடைத்துவிட்டு வேலை செய்கிறாரா என்று பாருங்கள்.

கடையில கேட்டா "எத்தனை ஓட்டை கேஸ்கட் வேணும்?"னு கேக்குறாங்க. அது என்ன?

பல டீசல் இன்ஜின்களுக்கு ஒரே கேஸ்கட் இரண்டு மூன்று தடிமனில் வரும். எது எந்தத் தடிமன் என்பதற்கு ஓரத்தில் சிறிய ஓட்டைகளோ வெட்டுகளோ போட்டிருப்பார்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக்கைவிட எவ்வளவு மேலே நீட்டியிருக்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு பிஸ்டனிலும் அளந்து, அதிகமானதை வைத்துத் தேர்வு செய்ய வேண்டும். பிளாக்கைத் தொடாமல் ஹெட் மட்டும் இறங்கியிருந்தால் பழையதில் எத்தனை ஓட்டை இருந்ததோ அதையே வாங்கலாம், பழையது சரியானதாக இருந்தால். பிளாக்கைச் சீவியிருந்தாலோ பிஸ்டன் மாற்றியிருந்தாலோ மறுபடி அளந்தே ஆக வேண்டும். மெலிந்ததைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கலாம். தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும்.

பழைய ஹெட் போல்ட்டையே போட்டுக்கலாமா? கேஸ்கட்ல பேஸ்ட் தடவணுமா?

புது இன்ஜின்களில் போல்ட் இறுக்கும்போதே கொஞ்சம் நீளும்படி செய்யப்பட்டிருக்கும். முதலில் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) ஓர் அளவு, அப்புறம் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணத்தில் திருப்பச் சொல்லும் இன்ஜின் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு முறை நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது, புதிது போடுங்கள். மொத்தச் செலவில் இது சிறு தொகை. பழைய வகைப் போல்ட்டுகளை நீளம் அளந்து, வரம்புக்குள் இருந்தால் போடலாம்.

பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளை உலர ஊதிச் சுத்தம் செய்வது மிக முக்கியம். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் அமுங்க வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, புத்தகத்தில் உள்ள வரிசைப்படி, படிப்படியாக. உலோக அடுக்குக் கேஸ்கட்டில் பேஸ்ட் வேண்டாம். புத்தகம் எந்த மூலையில் ஒரு சொட்டு வைக்கச் சொல்கிறதோ அங்கே மட்டும் வைக்கலாம்.

தெர்மாஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டா வண்டி கூலா ஓடும்னு சொல்றாங்களே?

நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய பழக்கம் இது. தெர்மாஸ்டாட் சாதாரணமாக 80 டிகிரிக்கு மேல் திறந்து, இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் சமதளத்தில் இன்ஜின் சூடேறாமல் டீசல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். பல இன்ஜின்களில் அதே தெர்மாஸ்டாட்தான் திறக்கும்போது குறுக்குப் பாதையை மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், மலையில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். சந்தேகமாக இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதிது மாற்றுங்கள்.

கூலன்ட் எதுக்கு, போர் தண்ணி ஊத்தினா ஆகாதா?

சேலத்துப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாயிலும் ஹெட்டுக்குள்ளும் படியும். வெப்பம் வெளியேற வழி குறையும், அலுமினியம் அரிக்கும், கேஸ்கட்டின் தண்ணீர் ஓட்டை விளிம்புகளும் அரிக்கும். கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். இரண்டு வகைக் கூலன்டைக் கலக்காதீர்கள். வழியில் அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஊர் வந்ததும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

வடித்த கூலன்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தை தொட்டு வாயில் வைக்கும். கடும் விஷம் அது.

வேலை முடிஞ்சு வண்டி வந்துடுச்சு. நேரா லோடு ஏத்திக்கலாமா?

முதலில் காற்று எடுத்தார்களா என்று கேளுங்கள். கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்று ஹெட்டில் போய் நின்றால் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறும். வண்டியின் முன்பக்கத்தை மேடாக வைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தெர்மாஸ்டாட் திறந்து ஃபேன் ஓடும் வரை விட்டு நிரப்ப வேண்டும். ஆறியபின் மறுபடி அளவு பார்க்க வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்த வண்டி என்றால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, 500 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை மாற்றிவிடுங்கள்; மூலை முடுக்கில் நின்ற ஈரம் அதில் வந்துவிடும். முதல் சில நாள் சமதளத்தில், குறைந்த சுமையில் ஓட்டி, தினமும் காலையில் கூலன்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுமையில்லாமல் ஒரு முறை மலையேறிப் பார்த்துவிட்டு லோடுக்குப் போகலாம்.

போன தடவை புது கேஸ்கட் போட்டேன். கொஞ்ச நாள்லயே மறுபடி போச்சு. கேஸ்கட் டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று இரண்டு கேஸ்கட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி போயிருந்தால் ஹெட்டிலோ பிளாக்கிலோ அங்கே பள்ளம், விரிசல், அல்லது அந்தப் பக்கத்துப் போல்ட் பிடிக்கவில்லை. பிளாக்கின் மரை தேய்ந்து, இறுக்கும்போது பிடிக்காமல் சுற்றிய போல்ட் ஒன்றை "பரவாயில்லை" என்று விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். லைனர் (சிலிண்டருக்குள் செருகியிருக்கும் தனி உறை) உள்ள இன்ஜின் என்றால் லைனர் ஒன்று மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

வேறு இடத்தில் போயிருந்தால் மூன்றாவது கேள்விக்கான பதிலுக்குத் திரும்புங்கள். கொதிக்க வைத்த காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்காமல் வேலையை முடித்திருந்தால் அதில்தான் தொடங்க வேண்டும். டீசல் அளவை ஏற்றி இழுவை கூட்டியிருந்தாலும், இன்ஜெக்டர் கெட்டு ஒரு சிலிண்டரில் மட்டும் அதிகம் எரிந்தாலும் கேஸ்கட் தாங்காது.

எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு கேட்டா நியாயம்?

ஃபேஸிங் பட்டறையில் கூட்டம் இல்லாமல், சாமான் உள்ளூரிலேயே கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் முடியும். ஒரே நாளில் தருகிறேன் என்றால் ஹெட் சோதனையை விடப்போகிறார் என்று அர்த்தம். தொகை வண்டிக்கு வண்டி மாறும், அதனால் மொத்தமாக ஒரு எண்ணைக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்: கேஸ்கட் செட், போல்ட், ஹெட் அழுத்தச் சோதனை, ஃபேஸிங், வால்வு வேலை, டைமிங் பெல்ட், கூலன்ட், ஆயிலும் ஃபில்டரும், ரேடியேட்டர் சர்வீஸ், கூலி. ஹெட் விரிசல் இருந்தால் கணக்கே மாறும் என்பதையும் முன்னமே பேசிக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் அதுவும் வாட்டர் பம்பும் பெரும்பாலும் கழன்றுதான் இருக்கும். வயதானவை என்றால் அப்போதே மாற்றிவிடுவது லாபம்.

பழைய பிக்கப் ஒண்ணு வாங்கப் போறேன். கேஸ்கட் வேலை பார்த்த வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேலை பார்த்தது குற்றமில்லை. முறையாகப் பார்த்திருந்தால் நல்லதுதான். பில்லைக் கேளுங்கள், அதில் ஹெட் சோதனையும் ரேடியேட்டரும் இருக்கிறதா பாருங்கள். வண்டி பார்க்கப் போகும்போது "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஆறிய வண்டியில் முன்னே சொன்ன குமிழ்ச் சோதனையைச் செய்யுங்கள். டேங்கில் வெறும் தண்ணீர் மட்டும், அதுவும் புதிதாக ஊற்றியது இருந்தால் உஷாராகுங்கள். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் பேஸ்ட் பிதுங்கியிருந்தால், தெர்மாஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், விலையைப் பேசும் முன் கம்ப்ரஷன் சோதனை கேளுங்கள். கடைசியாக, விற்பவரையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவாவது ஏறி, இறங்கி வந்து நிறுத்தி, மேல் ஹோஸையும் டேங்க் அளவையும் பாருங்கள். அதற்கு அவர் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.